1.2-ஐ 0.03-ஆல் வகுத்தால் 0.004 வருமா? தசமப் புள்ளியை எங்கே வைப்பது என்பது பற்றி ஒரு கேள்வி

கொழிஞ்சாம்பாறை வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் எங்கள் ஊரில் தமிழ் வழியில் ஆறாம் வகுப்புப் படிக்கிறாள். முழு எண்களைப் பெருக்குவதிலும் வகுப்பதிலும் அவளுக்குத் தடுமாற்றம் எதுவும் இல்லை. தசம எண் வந்துவிட்டால் மட்டும், புள்ளிக்குக் கால் முளைத்தது போல் அது எங்கெங்கோ போய் உட்கார்ந்துகொள்கிறது. சென்ற வாரம் வீட்டில் போட்ட இரண்டு கணக்குகளைச் சொல்கிறேன். சிக்கல் எங்கே இருக்கிறது என்பது உங்களுக்குப் புரிந்துவிடும்.

எங்களிடம் இரண்டு கறவை மாடுகள் உண்டு. காலையில் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வாங்கி வந்த சீட்டை அவளிடம் கொடுத்து, 6.4 லிட்டர் பால், லிட்டர் 43.75 ரூபாய், மொத்தம் எவ்வளவு என்று தாளில் போட்டுப் பார்க்கச் சொன்னேன். தொகை அச்சாகியிருந்த ஓரத்தை மடித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவள் புள்ளிகளை ஒதுக்கிவைத்துவிட்டு 4375-ஐ 64-ஆல் பெருக்கி, 280000 என்று சரியாகவே கொண்டுவந்தாள். அதன் பிறகு, தசமத்தில் கடைசியில் வரும் பூச்சியங்களுக்கு மதிப்பில்லை என்று வகுப்பில் சொன்னது நினைவுக்கு வரவே, நான்கு பூச்சியங்களையும் அடித்துவிட்டு 28 என்று எழுதினாள். பிறகு, புள்ளிக்குப் பின்னால் இரண்டும் ஒன்றுமாக மூன்று இலக்கங்கள் என்று எண்ணி, 0.028 என்று விடை வைத்தாள். மடித்த ஓரத்தைப் பிரித்தால் 280 ரூபாய். ஆறு லிட்டருக்கு மேல் பாலை ஊற்றிவிட்டு மூன்று காசுகூட வாங்காமல் வந்தவன் ஆகிவிட்டேன்.

இரண்டாவது கணக்கு, மாட்டுக்கு வைக்கும் தாது உப்புக் கலவை பற்றியது. பையில் 1.2 கிலோ மீதம் இருந்தது. நாள் ஒன்றுக்கு 0.03 கிலோ, அதாவது முப்பது கிராம் வைத்தால் எத்தனை நாள் வரும் என்று கேட்டேன். 12-ஐ 3-ஆல் வகுத்தால் 4, புள்ளிக்குப் பின்னால் மொத்தம் மூன்று இலக்கங்கள், ஆகவே 0.004 என்றாள். நாற்பது நாள் வரும் என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும். அதைச் சொன்னதும் அவள் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. “வகுத்தால் எண் குறையத்தானே வேண்டும், 1.2 எப்படி 40 ஆகும்?” என்கிறாள்.

நான் படித்த காலத்தில் புள்ளியை வலப்பக்கம் தள்ளு என்றார்கள், தள்ளினோம். ஏன் என்று எவரும் கேட்கவில்லை. போதாக்குறைக்கு, மாலையில் பாடம் சொல்லிக்கொடுக்கும் பக்கத்து வீட்டுப் பெண் மலையாள வழியில் படித்தவர். அவர் ஹாரகம், ஹார்யம் என்று சொல்ல, இவள் புத்தகத்தில் வகுத்தி, வகுபடும் எண் என்று இருக்க, எதன் புள்ளியை நகர்த்த வேண்டும் என்பதிலேயே குழப்பம் வந்துவிடுகிறது. காரணத்தோடு விளக்க முடிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

பட்டறைக் கணக்கன் எழுதியது:

ஐயா, நான் பாலக்காட்டில் ஒரு நகைப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். நாள் முழுவதும் எங்களுக்குத் தசமம்தான். தராசே மூன்று இலக்கம் காட்டும். நான் பின்பற்றும் வழி எளிமையானது. பெருக்கும்போது இரண்டு எண்களின் தசம இடங்களையும் கூட்ட வேண்டும். வகுக்கும்போது வகுபடும் எண்ணின் இடங்களிலிருந்து வகுத்தியின் இடங்களைக் கழிக்க வேண்டும். உங்கள் மகள் வகுத்தலிலும் கூட்டிவிட்டாள், அவ்வளவுதான் பிழை. 1.2-இல் ஓரிடம், 0.03-இல் ஈரிடம், ஒன்றிலிருந்து இரண்டைக் கழித்தால் ஓரிடம் கடன் நிற்கிறது. கடன் என்றால் புள்ளி இடப்பக்கம் வராமல் வலப்பக்கம் ஓரிடம் போகும், 4 என்பது 40 ஆகும். ஒரு பவன் எட்டு கிராம் ஆகையால், 3.84 கிராமை 8-ஆல் வகுத்தால் 0.48 பவன்: இரண்டிலிருந்து பூச்சியம் போக இரண்டு. இதற்கு மேல் இதில் விளக்க எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

---

வேலந்தாவளம் ஆசிரியை எழுதியது:

மேலே நண்பர் சொன்ன வழி தவறில்லை. அதை நான் மறுக்க வரவில்லை. ஆனால், ‘கடன் நின்றால் வலப்பக்கம்’ என்பதை ஆறாம் வகுப்புக் குழந்தையிடம் சொன்னால், அது அவள் மனத்தில் இன்னொரு மந்திரமாகத்தான் போய்ச் சேரும். ஏற்கெனவே அவளிடம் மூன்று மந்திரங்கள் இருக்கின்றன: இடங்களை எண்ணிக் கூட்டு, கடைசிப் பூச்சியத்துக்கு மதிப்பில்லை, வகுத்தால் குறையும். மூன்றுமே ஓரளவு உண்மை. அவற்றை எப்போது பயன்படுத்துவது என்று தெரியாததால்தான் 280 ரூபாய் 0.028 ஆனது.

முதலில் பெருக்கல். கட்டம் போட்ட கணக்கு நோட்டில் பக்கத்துக்குப் பத்துக் கட்டம் என்று ஒரு சதுரம் வரையச் சொல்லுங்கள்; உள்ளே நூறு சிறு கட்டங்கள் இருக்கும். முழுச் சதுரம்தான் ஒன்று. மேலிருந்து கீழாக நான்கு வரிசைகளைச் சிவப்பால் கோடிடச் சொல்லுங்கள், அது 0.4. இடமிருந்து வலமாக மூன்று பத்திகளை நீலத்தால் கோடிடச் சொல்லுங்கள், அது 0.3. இரண்டு நிறமும் சேர்ந்து விழுந்த கட்டங்கள் எத்தனை? பன்னிரண்டு. நூறில் பன்னிரண்டு, ஆகவே 0.12. பத்தில் ஒன்றை மறுபடி பத்தாகப் பிரித்தால் நூறில் ஒன்று கிடைக்கிறது. அதனால்தான் ஓரிடமும் ஓரிடமும் சேர்ந்து ஈரிடம் ஆகின்றன. இதைக் கையால் ஒரு முறை வரைந்துவிட்ட குழந்தை 0.4-ஐ 0.3-ஆல் பெருக்கி 1.2 என்று எழுதியதை என் வகுப்பில் நான் பார்த்ததில்லை. வரையாத குழந்தைகள் எழுதுவார்கள், ஏனென்றால் கூட்டலில் புள்ளிக்கு நேராகப் புள்ளி வைத்துப் பழகிய கை பெருக்கலிலும் புள்ளியை நேராகவே கீழே இறக்கிவிடும்.

பால் சீட்டையும் இதே கண்ணால் பாருங்கள். 43.75 என்பது 4375 காசு, அதாவது ஒரு ரூபாயின் நூறில் ஒரு பங்குகள் 4375. 6.4 லிட்டர் என்பது ஒரு லிட்டரின் பத்தில் ஒரு பங்குகள் 64. இவற்றைப் பெருக்கி வந்த 280000 என்பது ரூபாயும் இல்லை, காசும் இல்லை. ஆயிரத்தில் ஒரு பங்குகள் 280000. அதை ஆயிரத்தால் வகுத்தால்தான் ரூபாய் வரும்: 280.000. புள்ளி வைத்த பிறகு, அதன் வலப்பக்கம் நிற்கும் மூன்று பூச்சியங்களை நீக்கலாம். 280-இல் உள்ள பூச்சியத்தைத் தொடவே கூடாது. குழந்தை செய்த பிழை எண்ணிக்கையில் இல்லை, வரிசையில் இருக்கிறது. புள்ளி விழும் வரை எந்தப் பூச்சியத்தையும் அடிக்கக் கூடாது என்று அவள் நோட்டின் மேல் பகுதியில் எழுதி வையுங்கள். புள்ளி இல்லாத நிலையில் 280000-இன் கடைசிப் பூச்சியங்கள் ஒவ்வொன்றும் மதிப்புள்ளவை. அவற்றை அடிப்பது பத்தாயிரத்தால் வகுப்பதற்குச் சமம்.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் ஒன்று உண்டு. 0.02-ஐ 0.03-ஆல் பெருக்கும்போது 6 மட்டுமே கையில் இருக்கும், நான்கு இடம் வேண்டும். முன்னால் மூன்று பூச்சியங்களை நாமே போட்டு 0.0006 என்று எழுத வேண்டும். இடம் போதவில்லையே என்று 0.6 என்று விட்டுவிடும் பிள்ளைகள் அதிகம்.

இனி வகுத்தல். ‘1.2-ஐ 0.03-ஆல் வகு’ என்று சொல்லாமல், ‘1.2 கிலோவில் 0.03 கிலோவை எத்தனை முறை அள்ளலாம்’ என்று கேட்டுப் பாருங்கள். அள்ளும் கரண்டி சிறிதானால் முறைகள் கூடும் என்பதை மாட்டுக்குத் தீவனம் வைக்கும் வீட்டுக் குழந்தைக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றைவிடச் சிறிய எண்ணால் வகுத்தால் விடை பெரிதாகத்தான் வரும். ‘வகுத்தால் குறையும்’ என்பது ஒன்றைவிடப் பெரிய எண்களால் மட்டுமே வகுத்துப் பழகியதால் வந்த நம்பிக்கை.

புள்ளியை ஏன் தள்ளுகிறோம் என்பதும் இங்கேயே இருக்கிறது. நீங்கள் 0.03 கிலோவை முப்பது கிராம் என்று உங்களை அறியாமலே சொல்லிவிட்டீர்கள். அதே போல் 1.2 கிலோவை 1200 கிராம் என்று சொல்லுங்கள். 1200-ஐ 30-ஆல் வகுத்தால் 40. பையில் இருந்த கலவையும் மாறவில்லை, கரண்டியும் மாறவில்லை. இரண்டையும் ஒரே அளவில் வேறு பெயரால் அழைத்தோம், எனவே எத்தனை முறை என்பதும் மாறவில்லை. புள்ளியை வலப்பக்கம் தள்ளுவது என்பது இதுதான்: இரண்டு எண்களையும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம். 1.2-ஐயும் 0.03-ஐயும் நூறால் பெருக்கினால் 120, 3, ஈவு 40.

எவ்வளவு தள்ளுவது என்பதை வகுத்தி மட்டுமே தீர்மானிக்கும். உங்கள் பக்கத்து வீட்டுப் பெண் ஹாரகம் என்று சொல்வது இதைத்தான். வகுத்தி முழு எண் ஆனால் போதும். வகுபடும் எண்ணில், அதாவது ஹார்யத்தில், புள்ளி மிச்சம் இருந்தால் இருக்கட்டும். 7.25-ஐ 0.5-ஆல் வகுக்க வேண்டுமானால் 72.5-ஐ 5-ஆல் வகுத்தாலே 14.5 கிடைத்துவிடும், இரண்டையும் முழு எண்ணாக்கியே தீருவேன் என்று 725-ஐ 50-ஆல் வகுக்கத் தேவையில்லை. நீள்வகுத்தலில் வகுபடும் எண்ணின் புள்ளிக்கு நேர் மேலே ஈவின் புள்ளியை முதலிலேயே வைத்துவிட்டு, அதன் பிறகு வகுக்கத் தொடங்கச் சொல்லுங்கள். இன்னும் ஒன்று: 6.12-ஐ 0.3-ஆல் வகுக்கும்போது 61.2-ஐ 3-ஆல் வகுக்கிறோம். ஆறில் மூன்று இரண்டு முறை, ஒன்றில் மூன்று போகாது. போகாத இடத்தில் பூச்சியம் போட மறந்தால் விடை 2.4 ஆகிவிடும், சரியான விடை 20.4. இதைத் தசமப் புள்ளிப் பிழை என்று நினைத்துக்கொண்டு ஆசிரியர்களே புள்ளியைத் திருத்துவதைக் கண்டிருக்கிறேன். உண்மையில் அது பூச்சியப் பிழை.

---

கோபாலபுரம் மாணவன் எழுதியது:

ஆசிரியை அம்மாவின் விளக்கம் நன்றாக இருந்தது. ஆனால் எங்கள் வகுப்பில் எல்லோரும் முதலில் தோராயமாக மதிப்பிடு, பிறகு அதற்கு ஏற்றபடி புள்ளியை வை என்றுதான் சொல்கிறார்கள். 43.75-ஐ 6.4-ஆல் பெருக்கும்போது ஏறத்தாழ 40 பெருக்கல் 6, 240-க்கு மேல் என்று பார்த்து 280 என்று வைப்பது எளிதுதான். 0.048-ஐ 0.37-ஆல் பெருக்கச் சொன்னால் அந்த மதிப்பீடு எதற்கு உதவும்? 0.05 பெருக்கல் 0.4 என்று மாற்றினாலும் அதிலும் புள்ளி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். திருடனைப் பிடிக்கத் திருடனையே காவல் வைத்தது போல் இருக்கிறது. எனக்கு எண்ணி வைப்பதுதான் நம்பகமாகத் தெரிகிறது. கைப்பேசியில் போட்டால் ஒரு நொடியில் வந்துவிடும் என்பது வேறு கதை.

---

மணக்கடவுக்காரர் எழுதியது:

தம்பியின் கேள்வி நியாயமானது, ஆனால் 0.37-ஐ 0.4 என்று மாற்றியதால்தான் அவருக்கு மதிப்பீடு உதவவில்லை. அதை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் என்று பாருங்கள். 0.048-இல் மூன்றில் ஒரு பங்கு 0.016. விடை அதற்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டும். 48-ஐ 37-ஆல் பெருக்கினால் 1776, இலக்கங்களை 0.016-க்கு அருகில் வரும்படி வைத்தால் 0.01776. எண்ணிப் பார்த்தாலும் மூன்றும் இரண்டும் ஐந்து இடங்கள்.

நான் நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், வயது எழுபத்தைந்தைக் கடந்துவிட்டது. நாங்கள் கல்லூரியில் படித்தபோது பெருக்கவும் வகுக்கவும் கையில் இருந்த கருவி, கோடுகள் போட்ட நகரும் அளவுகோலான ஸ்லைடு ரூல். அதில் 2 என்ற கோடு 2-க்கும் 20-க்கும் 0.2-க்கும் 0.002-க்கும் ஒரே கோடுதான். கருவி இலக்கங்களைக் கொடுக்குமே தவிர, புள்ளியைக் கொடுக்காது. புள்ளியை வைப்பது முழுக்க முழுக்க எங்கள் தலையின் வேலை. ஆகவே கருவியைத் தொடும் முன்பே விடை பத்துகளிலா, நூறுகளிலா, நூறில் ஒரு பங்கிலா என்று சொல்லிவிடும் பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. கைப்பேசி புள்ளியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறது என்பது உண்மை. ஆனால் எண்களை அதில் இடும்போது 0.0864-க்குப் பதில் 0.864 என்று விரல் தவறினால், அதுவும் தயங்காமல் தவறான விடையைக் கொடுக்கும்.

இந்த 0.0864 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. பாலக்காட்டுச் சித்தூர் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு 7.25 என்ற எண் மனப்பாடமாக இருக்கும்: 1970-இல் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இடையே கையெழுத்தான பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தின்படி, மணக்கடவில் ஆண்டுக்குச் சித்தூர்ப்புழைப் பாசனத்துக்கு வர வேண்டிய நீர் 7.25 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. வினாடிக்கு ஆயிரம் கன அடி வீதம் ஒரு முழு நாள் ஓடினால், ஒரு நாளில் 86400 வினாடிகள் ஆகையால், 8.64 கோடி கன அடி, அதாவது 0.0864 டி.எம்.சி. சேரும். அந்த வீதத்தில் 7.25 டி.எம்.சி. ஓடி முடிய எத்தனை நாள் ஆகும் என்பது, 7.25-ஐ 0.0864-ஆல் வகுக்கும் கணக்கு.

பயிற்சிக் காலத்தில் இதை முதன்முதலாகப் போட்டபோது நான் 8.39 நாள் என்று எழுதி நீட்டினேன். மூத்த பொறியாளர் தாளைக்கூட முழுதாகப் பார்க்கவில்லை. “ஒரு நாளைக்கு 0.1 வந்தாலே எழுபத்திரண்டு நாளுக்கு மேல் ஆகும். வருவது அதைவிடக் குறைவு. எட்டு நாளில் எப்படித் தம்பி முடியும்?” என்று கேட்டுவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். இரண்டையும் பத்தாயிரத்தால் பெருக்கினால் 72500-ஐ 864-ஆல் வகுக்க வேண்டும்; ஈவு 83.91. நான் 7.25-இன் புள்ளியை மூன்று இடமும் 0.0864-இன் புள்ளியை நான்கு இடமும் தள்ளியிருந்தேன். 7.25-இல் புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கங்களே இருப்பதால், நான்கு இடம் தள்ளும்போது காலியிடத்தில் பூச்சியம் இரண்டு போட வேண்டும். நான் ஒன்றோடு நிறுத்திவிட்டேன். இன்றும் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

இதே கணக்கில் இன்னொரு பள்ளமும் இருக்கிறது. ஆசிரியை அதைத் தொடவில்லை என்பதால் சொல்கிறேன். ஈவைத் தசமத்தில் கொண்டுபோகாமல் முழு நாட்களோடு நிறுத்தினால், 72500-இல் 864 எண்பத்து மூன்று முறை போய், மீதி 788 நிற்கும். எண்பத்து மூன்று நாள் போக மீதி 788 டி.எம்.சி. என்று எழுதினால் ஊரே மூழ்கிவிடும். புள்ளியை இரண்டு எண்களிலும் ஒன்றாகத் தள்ளியதால் ஈவு மாறவில்லை. ஆனால் மீதி பத்தாயிரம் மடங்கு பெருத்துவிட்டது. அதைத் திரும்பப் பத்தாயிரத்தால் வகுத்து, 0.0788 டி.எம்.சி. என்று எழுத வேண்டும். 0.0864-ஐ 83-ஆல் பெருக்கி 7.1712 எடுத்து, 7.25-இலிருந்து கழித்துப் பாருங்கள், சரியாக 0.0788 வரும். ஈவுக்குப் புள்ளி தானாக வந்து சேரும், மீதிக்கு நாம்தான் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

பெருக்கலில் பூச்சியத்தைப் பற்றி ஆசிரியை சொன்னதற்கும் இதே எண் உதவும். ஒரு டி.எம்.சி. 2831.68 கோடி லிட்டர். அதை 7.25-ஆல் பெருக்கினால், இரண்டும் இரண்டும் நான்கு இடம் என்று எண்ணி, 20529.6800 கோடி லிட்டர் என்று வரும். கடைசி இரண்டு பூச்சியங்களை முன்பே அடித்துவிட்டு எண்ணியிருந்தால், 205.2968 என்று நூறில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்கும். 2800-ஐ ஏழால் பெருக்கினாலே பத்தொன்பதாயிரத்துக்கு மேல் என்று தெரிந்தவனுக்கு அந்தப் பிழை வராது.

கொஞ்சம் விலகிச் சொல்ல அனுமதியுங்கள். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய்க்கு நூறு என்று நயா பைசா வந்தபோது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன். அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. என் பாட்டனார் எண்சுவடி என்ற பழைய வாய்பாட்டு நூல் படித்தவர். அவருக்குப் புள்ளியே தேவைப்படவில்லை. காலில் கால் மாகாணி (பதினாறில் ஒன்று), அரையில் கால் அரைக்கால் (எட்டில் ஒன்று) என்று வாயாலேயே சொல்லிவிடுவார். அதைத் தசமத்தில் எழுதிப் பார்த்தால் 0.25-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 0.0625, இரண்டும் இரண்டும் நான்கு இடம், 0.5-ஐ 0.25-ஆல் பெருக்கினால் 0.125, ஒன்றும் இரண்டும் மூன்று இடம். நூறாகவும் ஆயிரமாகவும் பிரிக்காமல் பாதி, கால், இருபதில் ஒன்று என்று பிரித்துக்கொண்டு போனதால், ஒவ்வொரு பங்குக்கும் தனிப் பெயரை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. பத்தடிமானத்தில் பெயர்கள் இல்லை, புள்ளியின் இடம்தான் பெயர். அதனால்தான் அது ஓரிடம் தவறினால், மாகாணியை அதே அளவுக்கு இன்னொரு பெயரான வீசம் என்று அழைத்தது போல் பொருள் மாறாமல் போவதில்லை; பொருளே பத்து மடங்கு மாறிவிடுகிறது.

---

இரவுப்பணிச் செவிலியர் எழுதியது:

மணக்கடவு ஐயா எழுதியதைப் படித்த பிறகு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். புள்ளியை எங்கே வைப்பது என்பதோடு, வைத்த புள்ளி பிறர் கண்ணில் படுமா என்பதையும் குழந்தைக்குச் சொல்லிக்கொடுங்கள். மருந்து அளவு எழுதும்போது நாங்கள் .5 என்று எழுதுவதே இல்லை; புள்ளி மங்கிப்போனால் ஐந்து என்று படிக்கப்பட்டுவிடும், ஆகவே 0.5 என்று முன்னால் பூச்சியம் போட்டே தீர வேண்டும். அதே காரணத்தால் 5.0 என்றும் எழுதக் கூடாது. அது ஐம்பது ஆகிவிடும். கணக்குப் போடும் தாளில் ஆசிரியை அம்மா சொன்னபடி பூச்சியங்களைக் கடைசி வரை வைத்திருக்கட்டும், விடையை எழுதும்போது நீக்கிவிடட்டும்.

வகுத்தல் எங்களுக்கு ஒவ்வொரு பணியிலும் வரும். மாத்திரை 0.25 மில்லிகிராம், கொடுக்கச் சொன்னது 0.125 மில்லிகிராம் என்றால், 12.5-ஐ 25-ஆல் வகுத்து அரை மாத்திரை என்று எடுக்கிறோம். 125, 25 என்று இலக்கங்களை மட்டும் பார்ப்பவருக்கு ஐந்து மாத்திரை என்று தோன்றும். அதனால்தான் ஒருவர் போட்ட கணக்கை இன்னொருவர் முதலிலிருந்து தனியாகப் போட்டுப் பார்க்கிறோம்; முதலாமவர் தாளைப் பார்த்துத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

---

பட்டறைக் கணக்கன் எழுதியது:

செவிலியர் அம்மா சொன்னது மருந்துக்குப் பொருந்தும். எங்கள் பட்டறையில் 3.840 கிராம் என்பதை 3.84 என்று எழுதினால் முதலாளி கேள்வி கேட்பார், ஏனென்றால் மூன்றாவது இலக்கத்தையும் தராசு பார்த்துத்தான் சொன்னது என்பதற்கு அந்தப் பூச்சியம்தான் சாட்சி. மதிப்பு ஒன்றுதான் என்றாலும், தொழிலுக்குத் தொழில் வழக்கம் வேறு. மீதியைப் பற்றி மணக்கடவு ஐயா எழுதியது எனக்குப் புதிய செய்தி. நான் இத்தனை நாளும் மீதியே வராத கணக்குகளைத்தான் போட்டிருக்கிறேன் போலும். இதற்கு மேல் விளக்க எதுவும் இல்லை என்று முன்பு எழுதியதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

---

கொழிஞ்சாம்பாறை வாசி எழுதியது:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. நூறு கட்டச் சதுரத்தை நேற்று மாலை வரைந்தோம். நீலப் பேனா கிடைக்காமல் பச்சையில் கோடிட்டாள் என்பதைத் தவிர, ஆசிரியை அம்மா சொன்னபடியே நடந்தது. பன்னிரண்டு கட்டங்களை எண்ணி முடித்தவுடன், 0.4-ஐ 0.3-ஆல் பெருக்கினால் இரண்டையும்விடச் சிறிய எண் வருகிறதே என்று அவளே ஆச்சரியப்பட்டாள். வகுத்தால் கூடுவதைப் பற்றிப் பிறகு நான் தனியாக எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகு 0.36-ஐ 4.5-ஆல் வகுக்கச் சொன்னேன். மணக்கடவு ஐயா சொன்னபடி, போடும் முன்பே விடை எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டேன். 4.5-இல் பத்தில் ஒரு பங்கு 0.45, நம்மிடம் இருப்பது அதைவிடக் குறைவு, எனவே விடை 0.1-ஐவிடக் கீழே என்றாள். பிறகு 3.6-ஐ 45-ஆல் வகுத்து 0.08 என்று எழுதினாள். பக்கத்து வீட்டுப் பெண்ணும் உடனிருந்தார். ஹாரகம் என்றால் வகுத்தி, ஹார்யம் என்றால் வகுபடும் எண், சிஷ்டம் என்றால் மீதி என்று மூன்று சொற்களையும் நோட்டின் பின்னட்டையில் இருவரும் சேர்ந்து எழுதிக்கொண்டார்கள்.

கடைசியாக மீதிக் கணக்கையும் கொடுத்துப் பார்த்தேன். பையில் 1.3 கிலோ கலவை இருந்து, நாளுக்கு 0.03 கிலோ வைத்தால் எத்தனை முழு நாள் வரும், எவ்வளவு மிஞ்சும்? 130-ஐ 3-ஆல் வகுத்து, நாற்பத்து மூன்று நாள், மீதி 1 கிலோ என்று எழுதிவிட்டாள். நான் எதுவும் சொல்லவில்லை. தொழுவத்துக்குப் போய்ப் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வந்தவள், மொத்தமே ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேலேதான் என்று முணுமுணுத்தபடி 1-ஐ அடித்துவிட்டு, 0.01 கிலோ, பத்துக் கிராம் என்று திருத்தினாள்.